பாரமற்ற குடித்தனம்

1970-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நிக்கலாயேவ், செவஸ்தியானவ் என்னும் இரு சோவியத் விண்வெளி வீரர்கள் சோயுஸ்-9 என்ற கலத்தில் ஏறத்தாழ 18 நாட்கள் பூமியை வலம் வந்து, அதுவரை மனிதர் எவரும் அத்தனை நாட்கள் விண்ணில் தங்கியதில்லை என்னும் கீர்த்தியுடன் கஜகஸ்தானத்துச் சமவெளியில் வந்து இறங்கியபோது, வரவேற்கக் காத்திருந்தவர்கள் கண்ட காட்சி கொண்டாட்டத்துக்குரியதாக இல்லை. திடகாத்திரம் பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்ட அவ்விருவரும் பிறர் கைத்தாங்கலின்றி எழுந்து நடக்க மாட்டாதவர்களாய் இருந்தனர், நாடி படபடத்தது, படுக்கையில் கிடந்தபோதும் தம் உடம்பே தம்மை அழுத்துவதாக அவர்கள் உணர்ந்தார்கள். வழியில் விபத்து எதுவும் நேரவில்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, பட்டினி இல்லை. செய்ததெல்லாம் பதினெட்டு நாட்கள் மிதந்துகொண்டிருந்ததுதான். அந்த மிதப்பு சரீரத்தை என்ன செய்கிறது என்ற கேள்வி அன்றுமுதல் வைத்தியர்களை விடாது பற்றிக்கொண்டது. இன்றுவரை அதற்குக் கிடைத்துள்ள விடைகளை ஒருங்கே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். விண்வெளி நிலையம் சுழலும் உயரத்தில் பூமியின் ஆகர்ஷண சக்தி எட்டுவதில்லை என்றும், ஆகவேதான் மனிதர் அங்கே மிதக்கிறார்கள் என்றும் படித்தவர்களிலேயே பலர் எண்ணுகிறார்கள். அந்த உயரம் சுமார் 400 கிலோமீட்டர்தான். சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரத்தைக் காட்டிலும் குறைவு. அங்கே பூமியின் இழுப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நீர் நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கீழே போய் மோதும்வரை உள்ள அந்தக் கணப்போதில், வாளியும் விழுகிறது, நீரும் விழுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில் விழுவதால் நீர் வாளியின் அடியை அழுத்துவதில்லை. விண்வெளி நிலையம் இவ்வாறு கயிறு அறுந்த வாளியே. ஆனால் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் விரைந்துகொண்டிருப்பதால், அது விழ விழப் பூமியின் வளைவும் கீழே விலகிக்கொண்டே போக, தரையைத் தொடாமலே ஓயாது விழுந்துகொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி ஷெப்பர்டு, கிட்ஸென்கோ, கிரிக்காலெவ் ஆகிய மூவர் குடியேறிய நாள்முதல் சர்வதேச விண்வெளி நிலையம் ஆளின்றி ஒரு நாளும் இருந்ததில்லை. அந்த வாளிக்குள் நடக்கும் குடித்தனந்தான் நாம் பார்க்கப்போவது.

பூமியின் ஆகர்ஷணம் நமக்காகச் செய்யும் வேலைகள் எத்தனை என்பது, அது ஓய்ந்துவிட்ட இடத்துக்குப் போனால்தான் தெரியவருகிறது. நாம் விடும் மூச்சைக் காற்றே எடுத்துச் செல்கிறதென்று நினைக்கிறோம். உண்மையில் வெதுவெதுப்பான மூச்சுக் காற்று இலேசாகி மேலெழுவதும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழிறங்கி அவ்விடத்தை நிரப்புவதும் ஆகர்ஷணத்தின் உபகாரமேயாகும். விண்கலத்தில் மேலுமில்லை, கீழுமில்லை. ஆதலால் ஏற்றி வைத்த சுடர் அங்கே மேல்நோக்கி நீளாமல் நீல நிறத்துச் சிறு உருண்டையாகச் சுருங்கி நிற்கிறது. உறங்குகிறவனுடைய மூச்சும் அவ்வாறே அவன் முகத்தைச் சூழ்ந்து தேங்கி நின்றுவிடும். விசிறி நின்றுபோனால் அவன் தான் கழித்த கரிக்காற்றையே மீண்டும் மீண்டும் உட்கொண்டு தலைவலியோடு விழிக்க நேரிடும். அதனால் அங்கே இரவும் பகலும் விசிறிகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. வெளியே நிசப்தத்தின் எல்லையாகிய அகண்ட ஆகாயம். உள்ளேயோ மாவு மில்லுக்குள் குடியிருப்பது போன்ற இடையறாத இரைச்சல். நிலையத்தில் தங்கியவர்கள் சிலருக்கு இந்த இரைச்சலால் காது மந்தித்தது பற்றியும் வைத்தியர்கள் கவலைப்பட்டதுண்டு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் தேதி ககாரின் தம் 108 நிமிஷப் பிரயாணத்தில் பற்பசைக் குழாய் போன்ற ஒன்றிலிருந்து இறைச்சி விழுதைப் பிதுக்கி உண்டார்; எடையற்ற நிலையில் மனிதன் விழுங்க முடியுமா, தொண்டையில் உணவு இறங்குமா என்பதே அந்நாளில் சந்தேகமாய் இருந்தது. உணவுக்குழல் தன் தசைகளாலேயே உணவைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பது ருசுவான பிறகு, குழாய்ச் சாப்பாடு மெல்ல வழக்கொழிந்தது. 1965-ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெமினி-3 கலத்தில் சென்ற ஜான் யங், அதிகாரிகளுக்குத் தெரியாமல் ஒரு மாட்டிறைச்சி சாண்ட்விச்சைச் சட்டைப்பையில் ஒளித்துக் கொண்டுபோய்த் தம் தலைவரிடம் நீட்டினார். கடித்தவுடன் ரொட்டி உதிர்ந்து துகள்கள் மிதக்கத் தொடங்கவே, அதை அவசரமாக மீண்டும் பைக்குள் திணிக்க வேண்டியதாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் காரியமாக இது நமக்குத் தோன்றலாம். அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அது பெரிதாயிற்று. துகள் என்பது தரையில் வீட்டுக்காரி பெருக்கித் தள்ளும் குப்பை. விண்கலத்திலோ கண்ணில் விழும், மூச்சில் ஏறும், மின்கருவியின் இடுக்கில் புகும். அதனால்தான் இன்றும் அங்கே ரொட்டித் துண்டுக்குப் பதிலாக, நம் சப்பாத்தியை ஒத்த மெக்சிகோ நாட்டு டார்ட்டியா வழங்குகிறது. உப்பும் மிளகும் திரவமாகக் கரைத்துச் சிறு குப்பிகளில் அடைக்கப்பட்டிருக்கின்றன.

இந்த நிபந்தனைகளை வைத்துப் பார்த்தால், உதிராமலும் சிதறாமலும் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வரும் பண்டமே விண்வெளிக்கு உகந்த பண்டம். அந்த வகையில் நம் நாட்டு அல்வாவை மிஞ்சியது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1984-ஆம் ஆண்டு ஏப்ரலில் சல்யூத்-7 நிலையத்துக்குச் சென்ற ராகேஷ் சர்மாவுக்காக மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக்கூடம் இந்திய உணவுகளைத் தயாரித்துக் கொடுத்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சர்வதேச நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் மாம்பழச் சாறும் எடுத்துச் சென்று உடனிருந்தவர்களோடு பகிர்ந்துகொண்டார். ருசி என்பதும் அங்கே சிறிது மாறுபடுகிறது. கீழே காலில் நிற்க வேண்டிய இரத்தமும் நிணநீரும் தலைக்கேறிவிடுவதால் மூக்கு ஓயாத ஜலதோஷக்காரன் மூக்கைப் போல அடைத்துக்கொள்ள, வாசனை தெரியாமல் உணவு சப்பென்றாகிவிடுகிறது. ஆகவே பூமியில் காரத்தை அண்டாத அமெரிக்கர்களும் அங்கே மிளகாய்ச் சாற்றுக் குப்பியைத் தேடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிலையத்திலேயே விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையின் சில இலைகளைப் பறித்து அவர்கள் உண்டபோது, அது ஒரு வேளைக்குக்கூடப் போதாதென்றாலும், மாதக்கணக்காகப் பொட்டலத்திலிருந்தே உண்டு வந்தவர்களுக்குப் பச்சை இலையின் மொறுமொறுப்பு எத்தகைய பாக்கியமாக இருந்திருக்கும்!

உண்டதைச் சொன்னவன் கழிவைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எந்த விண்வெளி வீரரைக் கண்டாலும் குழந்தைகள் முதலில் வினவுவது இதைத்தான், பெரியவர்கள் வினவ விரும்பிக் கூச்சப்படுவதும் இதையேதான். 1961-ஆம் ஆண்டு மே மாதம் ஆலன் ஷெப்பர்டின் பிரயாணம் கால் மணி நேரந்தான் என்பதால் அவர் உடுப்பில் இதற்கென ஓர் ஏற்பாடும் செய்திருக்கவில்லை; புறப்பாடு மணிக்கணக்கில் தாமதமாகவே, அவர் உடுப்போடு உடுப்பாகவே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. அப்போலோவில் சந்திரனுக்குப் போன மகாபுருஷர்கள்கூடப் பிருஷ்டத்தில் ஒட்டிக்கொள்ளும் பைகளைத்தான் உபயோகித்தார்கள். இன்றைய நிலையத்துக் கழிப்பறையில் ஆகர்ஷணம் செய்யும் வேலையைக் காற்றின் உறிஞ்சல் செய்கிறது. காலை ஒரு தடியின் கீழ்ச் செருகி உட்கார்ந்தால்தான் ஆள் மிதந்து போகாமல் இருப்பான். மலம் பைகளில் கட்டப்பட்டு, அழுக்குத் துணிகளோடும் பிற குப்பையோடும் சரக்குக் கலத்தில் ஏற்றப்பட்டு, அக்கலம் வாயுமண்டலத்தில் எரிந்து சாம்பலாகிறது. துணி துவைக்க அங்கே வழியில்லை. ஒரு சட்டையைப் பல நாள் அணிந்து பிறகு எறிந்துவிடுவதே வழக்கம்.

சிறுநீரின் கதி வேறு. தண்ணீர் கனமான பண்டம். ஒவ்வொரு லிட்டரையும் பூமியிலிருந்து ராக்கெட்டில் ஏற்றுவது கட்டுப்படியாகாது. எனவே சிறுநீரும், வியர்வையும், மூச்சில் கலந்து வெளிவரும் ஈரமும் ஒன்று விடாமல் சேகரிக்கப்பட்டு, வடித்துச் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகத் திரும்புகின்றன. இந்தச் சாதனத்தின் நீரை வீரர்கள் முதன்முதலில் 2009-ஆம் ஆண்டு மே மாதம் குடித்தனர். 2023-ஆம் ஆண்டில், நிலையத்தில் செலவாகும் நீரில் 98 சதவீதம் வரை மீட்கப்பட்டதாக நாசா அறிவித்தது. கேட்கும்போது அருவருப்பாயிருக்கிறது என்பாருண்டு. கடலும் மேகமும் ஆறும் காலங்காலமாக நமக்குச் செய்துவருவதும் இந்தக் காரியந்தான். அங்கே அதை ஓர் அலமாரியளவு யந்திரம் கண்முன்னே செய்துவிடுவதால் மனம் கூசுகிறது, அவ்வளவுதான். ஸ்நானம் என்பது ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதே. அலச வேண்டாத சோப்புக் குழம்பால் தலைமுடியைத் தேய்த்துத் துவாலையால் ஒற்றிவிடுகிறார்கள். நீர் அங்கே சொட்டுவதில்லை. பட்ட இடத்தில் பாகு போல ஒட்டிக்கொள்கிறது. அழுதாலும் கண்ணீர் கன்னத்தில் வழியாது, கண்மீதே நீர்க்கட்டியாகத் திரண்டு நிற்கும் என்பதைக் கனடா தேசத்து ஹாட்ஃபீல்டு 2013-இல் செய்து காட்டினார்.

இதே குணம் உயிருக்கே உலை வைப்பதும் உண்டு. அதே ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, இத்தாலியரான லூக்கா பார்மிட்டானோ நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது, உடுப்பைக் குளிர்விக்கும் நீர் கசிந்து தலைக்கவசத்துக்குள் புகுந்தது. பூமியாயிருந்தால் கழுத்துவழி இறங்கிப் பாதத்தில் தேங்கியிருக்கும். அங்கேயோ அது தலையைச் சுற்றி ஊர்ந்து கண்ணையும் மூக்கையும் மூடிற்று. எட்டாத உயரத்தில், காற்றும் நீருமற்ற பாழ்வெளியின் நடுவே, ஒரு மனிதன் நீரில் மூழ்கி மாண்டுபோகும் விளிம்புவரை சென்றான். கண் மறைந்த நிலையில், தம்மைக் கட்டியிருந்த கயிற்றின் இழுப்பையே வழியாகக் கொண்டு அவர் வாயிலை அடைந்து பிழைத்தார்.

இரவு என்பது அங்கே ஒரு சொல் மாத்திரமே. தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், ஒரு நாளில் பதினாறு உதயமும் பதினாறு அஸ்தமனமும் நிகழ்கின்றன. சுவரில் கட்டிய பைக்குள் புகுந்துகொண்டு, கைகள் முன்னால் மிதக்க, நின்றவாறோ தலைகீழாகவோ உறங்கலாம், பேதம் தெரியாது. மெத்தையும் தலையணையும் தேவையற்ற அந்த உறக்கம் சுகமானதாக இருக்க வேண்டுமென்றுதான் தோன்றும். ஆனால் 2014-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நிலையத்தில் தங்கியோர் சராசரியாக ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே உறங்கினர் என்றும், நால்வரில் மூவர் என்றேனும் தூக்க மாத்திரையை நாடினர் என்றும் தெரியவந்தது. கண்ணை மூடிய இருளிலும் அவ்வப்போது மின்னற் கீற்றுகள் தோன்றுகின்றன. அப்போலோ-11 பிரயாணத்தில் ஆல்ட்ரின் இதை முதலில் சொன்னார். விண்கதிர்த் துகள்கள் கண்ணின் ஊடே பாய்ந்து செல்லும் சுவடு அது.

இனிச் சரீரத்தின் கதை. பூமியைச் சுற்றி ஒரு முழு நாளைக் கழித்த முதல் மனிதராகிய கெர்மன் தித்தோவ், 1961 ஆகஸ்டில், குமட்டலின் கொடுமையையும் முதன்முதலில் அனுபவித்தார். உள்காதில் உள்ள சிறு சுண்ணக் கற்கள் எது மேல், எது கீழ் என்று மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவை. அவை எடையிழந்து மௌனமாகிவிட, கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, மூளை கலங்கி வயிற்றைப் புரட்டுகிறது. பாதிக்கு மேற்பட்டவர்களைப் பீடிக்கும் இது இரண்டு மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடுகிறது. ஏனெனில் மூளை காதின் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கண்ணை மாத்திரம் நம்பக் கற்றுக்கொள்கிறது. இந்தச் சிறு நிகழ்ச்சியில், பின்னால் நேரும் எல்லாவற்றின் சூத்திரமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விண்வெளியில் சரீரம் கெட்டுப்போகிறது என்று நாம் பேசுகிறோம். உண்மையில் அது பழகிப்போகிறது. சிக்கனமுள்ள குடித்தனக்காரன் உபயோகமற்ற சாமானை விற்றுவிடுவதுபோல, சுமை தாங்க வேண்டாத இடத்தில் எலும்பு எதற்கு, நிற்க வேண்டாத இடத்தில் காலின் தசை எதற்கு என்று அது ஒவ்வொன்றாகக் கழித்துவிடுகிறது. உள்ளங்காலின் காய்ப்புத் தோல்கூட உரிந்து குழந்தையின் பாதம் போல மென்மையாகிவிட, கம்பியில் செருகிச் செருகிப் புறங்காலில் காய்ப்பு ஏறுகிறது.

இரத்தத்தின் வரவு செலவைப் பாருங்கள். தலைக்கேறிய திரவத்தைக் கண்ட உடம்பு, இரத்தம் அதிகமாகிவிட்டதென்று கணக்கிட்டுத் தாகத்தைக் குறைத்து, திரவத்தின் அளவையே சில நாளில் சுருக்கிக்கொள்கிறது. முகம் வீங்கிச் சுருக்கங்கள் மறைந்து, கால்கள் கொக்கின் கால்களைப் போல மெலிகின்றன. இலேசான வேலையே கிடைத்த இருதயமும் சற்றுச் சிறுத்து உருண்டை வடிவை நாடுகிறது. முதுகெலும்பின் வில்லைகள் அழுத்தம் நீங்கி விரிவதால் ஆள் சில சென்டிமீட்டர் வளர்கிறான். கூடவே முதுகு வலியும் வந்து சேருகிறது.

எலும்பின் நஷ்டமே இவற்றுள் பெரியது. உடற்பயிற்சியால் தடுக்காவிட்டால், பாரம் தாங்கும் எலும்புகள் மாதம் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை அடர்த்தி இழக்கின்றன. பூமியில் முதியவர்கள் ஓர் ஆண்டு முழுவதும் இழப்பது ஏறக்குறைய அவ்வளவே. கரைந்த சுண்ணச்சத்து சிறுநீர் வழியே செல்லும்போது சிறுநீரகக் கல்லுக்கும் இடமாகிறது. இதற்குப் பரிகாரமாகத்தான் நிலையத்தில் உள்ளோர் தினந்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் தேகாப்பியாசம் செய்கிறார்கள். எடையில்லாத இடத்தில் எடை தூக்குவதெப்படி? காற்று நீக்கிய உருளைகளின் தண்டை இழுக்கும்போது உண்டாகும் எதிர்ப்பே அங்கே பளு. ஓடும் பட்டையின்மேல் ஓடுகிறவனைத் தோளிலும் இடுப்பிலும் வார்கள் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இல்லாவிடில் முதல் அடியிலேயே அவன் கூரைக்குப் போய்விடுவான். சுனிதா வில்லியம்ஸ் இப்படி வார்களால் கட்டுண்டுதான், 2007-ஆம் ஆண்டு ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானின் முழுத் தூரத்தையும் நாலரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். இந்தப் பயிற்சி பலனளிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. நிக்கலாயேவ் 18 நாளில் அடைந்த தளர்ச்சியை இன்று ஆறு மாதம் தங்கியவர்கள் அடைவதில்லை. எனினும் முழு நிவாரணமென்றும் சொல்வதற்கில்லை. நீண்டநாள் தங்கித் திரும்பிய 17 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்பது பேருக்கு முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள்.

கண்ணைப் பற்றிய செய்தி இன்னும் விசித்திரமானது. ஆறு மாதம் தங்கிய சிலருக்குக் கிட்டப் பார்வை மங்கிப் புத்தகத்தைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியதாயிற்று. பரிசோதித்ததில், கண்கோளத்தின் பின்புறம் தட்டையாகியிருந்தது, பார்வை நரம்பு கண்ணில் புகும் இடம் வீங்கியிருந்தது. தலைக்கேறிய திரவந்தான் காரணமென்று சந்தேகிக்கிறார்கள். ஆனால் அது எவ்வழியில் கண்ணை அழுத்துகிறது, ஏன் சிலரை மாத்திரம் தாக்குகிறது என்பதில் இன்னும் ஏகாபிப்பிராயம் இல்லை. இப்போதைக்கு வெவ்வேறு பலமுள்ள மூக்குக்கண்ணாடிகளை முன்கூட்டியே எடுத்துச் செல்வதுதான் நடைமுறை. வேறோர் ஆராய்ச்சிக்காகக் கழுத்து நாளத்தை ஒலியலைக் கருவியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதினொருவரில் ஆறு பேருக்கு அங்கே இரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடுவதும், அவர்களுள் ஒருவருக்கு இரத்தம் உறைந்து கட்டியிருப்பதும் தெரியவந்தன. அந்த நபருக்கு ஒரு நோவும் இல்லை. பார்க்கப் போயிராவிட்டால் தெரிந்தே இராது. நிலையத்து மருந்துப் பெட்டியில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்து கொஞ்சமே இருந்ததால், பூமியிலிருந்த வைத்தியர் அளந்து அளந்து கொடுக்கச் சொல்லி, அடுத்த சரக்குக் கலம் வரும்வரை காலம் தள்ளினார்.

பழகிப்போவதால் தீராத பகையும் ஒன்றுண்டு, அது கதிர்வீச்சு. பூமியில் இயற்கையாக நம்மேல் விழுவது ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட், விண்வெளி நிலையத்தில் அதை ஒரு வாரத்துக்குள்ளாகவே வாங்கிவிடுகிறார்கள். அங்கேயும் பூமியின் காந்தமண்டலம் ஓரளவு குடைபிடிக்கிறது. அக்குடையையும் கடந்து செவ்வாய்க்குச் சென்ற கியூரியாசிட்டி என்ற ஆளில்லாத கலம் வழியில் அளந்த கணக்கின்படி, போகவும் வரவும் ஆகும் பிரயாணத்தில் மட்டும் ஒருவர்மேல் சுமார் 660 மில்லிசீவர்ட் படியும். ஒரு வீரர் தம் ஆயுளில் பெறலாமென்று நாசா விதித்துள்ள உச்சவரம்போ 600. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றி உற்சாகமாகப் பேசுவோரிடம் எனக்கு நம்பிக்கை ஏற்படுவதில்லை.

மனத்தின் பாடு அளவுகோலுக்கு அகப்படாதது. 1982-இல் 211 நாட்கள் சல்யூத்-7 நிலையத்தில் தங்கிய லெபெதேவ் எழுதி வைத்த நாட்குறிப்பு பின்னாளில் புத்தகமாக வந்தது. உடனிருந்த ஒரே தோழருடன் மனம் கசந்து, வாய்ப்பேச்சும் சுருங்கிப்போன நாட்கள் அதில் இருக்கின்றன. வளர்த்த செடிகளைக் கவனிப்பதில்தான் அவர் ஆறுதல் கண்டார். 1985-இல் அதே நிலையத்தில் வஸ்யூத்தின் நோயுற, மூவரும் மாதக்கணக்கில் முன்னதாகவே திரும்ப நேர்ந்தது. 1991-இல் மீர் நிலையத்துக்குப் போன கிரிக்காலெவ் 311 நாட்கள் கழித்து இறங்கியபோது, அவரை அனுப்பிய தேசமே உலகப் படத்தில் இல்லை. எட்டு நாள் வேலையாக 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்ஸும் வில்மோரும், அவர்களை ஏற்றிச் சென்ற கலத்தின் கோளாறால் 286 நாட்கள் தங்க நேர்ந்ததைப் பத்திரிகைகள் சிறைவாசம் போல வர்ணித்தன. அவர்களோ அந்த வார்த்தையை ஏற்கவில்லை. நீண்ட பயிற்சி பெற்றவர்களுக்கு வேலையுள்ள இடம் சிறையாகத் தோன்றாது என்பதை வெளியிலிருப்போர் உணர்வது கஷ்டந்தான்.

திரும்பி வருவதே பெரிய சோதனை. விண்வெளிக்கு ஏற்பச் செம்மையாகத் திருந்திவிட்ட உடம்பு, இப்போது பூமிக்குப் பொருந்தாத உடம்பு. இறங்குமுன் உப்பும் நீரும் நிறையக் குடித்துக் குறைந்துபோன திரவத்தை ஈடுசெய்துகொள்கிறார்கள். அப்படியும் எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கி மயக்கம் வரும். தலையைத் திருப்பினால் உலகம் சுழலும். கையிலிருந்த பேனாவைக் காற்றில் விட்டுவிட்டு, அது மிதக்குமென்ற நினைவில் வேறு வேலையைப் பார்ப்பவர்களும் உண்டு. ஸ்காட் கெல்லி 340 நாட்கள் மேலே இருக்க, அவருடைய இரட்டைப் பிறவியான மார்க் கீழே இருக்க, இருவரையும் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆராய்ச்சி, மாறுதல்களில் பெரும்பாலானவை திரும்பிய ஆறு மாதத்துக்குள் சரியாகிவிட்டன என்று காட்டியது. இது தேறுதலான செய்தியே. ஆனால் ஒருவரை வைத்து உலகத்துக்கு விதி வகுக்க முடியாது.

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நால்வருள் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர் என்பதால், இவ்விஷயத்தில் நமக்கும் ஒரு வீட்டுக் கவலை உண்டு. அத்திட்டத்தில் உத்தேசிக்கப்பட்டிருப்பது மூன்று நாள் பிரயாணம். அதற்கு எலும்பும் கண்ணும் பொருட்டல்ல, தித்தோவின் குமட்டல்தான் பொருட்டு. செவ்வாய்க்குப் போகிறவனின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஆறு மாதத்துக்கு மேல் மிதந்துவிட்டு அவன் இறங்கும் இடத்தில் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க ஆளில்லை. ஆலோசனை கேட்டால், தூரம் மிகுந்த காலத்தில் கேள்வி பூமியை எட்டவே இருபது நிமிஷத்துக்கு மேலாகும். கலத்தையே சுழலவிட்டுச் செயற்கையாக எடையை உண்டாக்கலாம் என்ற யோசனை ருஷ்ய விண்வெளி முன்னோடியான சியோல்கோவ்ஸ்கி காலத்திலிருந்து இருக்கிறது; மனிதர் குடியிருக்கத்தக்க அப்படியொரு கலத்தை இதுவரை எந்த நாடும் கட்டவில்லை.

துணையின்றி இறங்குகிறவன் என்ன செய்வான் என்ற கேள்விக்குத் தம் உடம்பையே பரீட்சைப் பொருளாக்கியவர் வலேரி பொல்யாகோவ் என்ற ருஷ்ய வைத்தியர். செவ்வாய்க்குப் போகும் அளவு காலம் எடையின்றி இருந்த மனிதன், இறங்கிய இடத்தில் தானே எழுந்து வேலை செய்ய முடியுமா என்று அறிவதற்காகவே, அவர் 1994 ஜனவரி 8-ஆம் தேதி புறப்பட்டு, மீர் நிலையத்தில் தவறாமல் தேகாப்பியாசம் செய்துகொண்டு 437 நாட்கள் தங்கி, 1995 மார்ச் 22-ஆம் தேதி இறங்கினார். கலத்திலிருந்து வெளியே வந்தவர், தூக்கிச் செல்லக் காத்திருந்தவர்களை வேண்டாமென்று தடுத்து, பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிவரை தாமே நடந்து போய் உட்கார்ந்தார். ஒரே பிரயாணத்தில் அத்தனை நாட்கள் விண்வெளியில் தங்கியவர் அவருக்குப் பின் இன்னும் எவருமில்லை.